விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். குழந்தை பாடினாலும் சரி, கணக்குப் போட்டாலும் சரி, மட்டையைச் சுழற்றிப் பந்தை ஜன்னல் கண்ணாடிக்கு அனுப்பினாலும் சரி, உடனே இந்தப் பழமொழியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஆனால் வயலில் இறங்கி வேலை செய்தவரைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்: முளைத்ததெல்லாம் களத்துக்கு வந்து சேர்வதில்லை! நடுவில் மழை இருக்கிறது, களை இருக்கிறது, பூச்சி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் வரப்பில் நடந்து பார்க்கிற ஓர் ஆள் தேவைப்படுகிறது.

மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விஷயம் தூரத்து விஷயம் அல்ல. விக்ரோலியில் காலை வேளையில் ஸ்லோ லோக்கல் பிடிக்கப் போய் நில்லுங்கள். தன் உயரத்துக்குச் சமமான கிட் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நாலு பையன்களாவது ஏறுவார்கள். மாதுங்காவிலோ தாதரிலோ இறங்கி மைதானத்துக்கு ஓடுவார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பையில் மட்டையும் காலுறையும் மட்டுமா இருக்கின்றன? ஒரு குடும்பத்தின் சேமிப்பும், அப்பாவின் ஓவர்டைம் பணமும், அம்மாவின் தூக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே 'பையனிடம் திறமை இருக்கிறதா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?' என்ற கேள்வி நமக்கெல்லாம் முக்கியமானது.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஒரே ஒரு நாள் எடுத்த அளவை வைத்துக்கொண்டு ஒரு தண்டவாளத்தை நல்லது, கெட்டது என்று சொல்லிவிட மாட்டோம். போன மாதம் என்ன அளவு, இந்த மாதம் என்ன அளவு, மழைக்காலம் முடிந்தபின் என்ன அளவு என்று வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் அது எந்தத் திசையில் போகிறது என்று புரியும். இதற்காகவே கீமேன் என்று ஓர் ஊழியர் தன் பங்குக்குரிய பாதையைத் தினமும் நடந்தே பார்ப்பார். பிள்ளைகளின் திறமைக்கும் இதே கணக்குத்தான் என்பது என் கருத்து. சில உண்மைச் சம்பவங்களைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

ஒரே ஆட்டம், மூன்று பையன்கள்

மும்பைப் பள்ளிக் கிரிக்கெட்டில் இரண்டு பெரிய பந்தயங்கள் உண்டு. 14 வயதுக்குட்பட்டோருக்கு கைல்ஸ் ஷீல்டு, 16 வயதுக்குட்பட்டோருக்கு ஹாரிஸ் ஷீல்டு. பின்னது, 1890களில் பம்பாய் கவர்னராக இருந்த ஹாரிஸ் பிரபுவின் பெயரைத் தாங்கியது. இரண்டுமே நூறாண்டைத் தாண்டியவை.

1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில் ஹாரிஸ் ஷீல்டு அரையிறுதி ஆட்டம். தாதர் சாரதாஸ்ரம் பள்ளியும் கோட்டைப் பகுதி செயின்ட் சேவியர் பள்ளியும் மோதின. சாரதாஸ்ரம் பையன்கள் இருவர் ஆட்டமிழக்காமல் 664 ரன் சேர்த்தார்கள். 16 வயது வினோத் காம்ப்ளி 349. 14 வயது சச்சின் டெண்டுல்கர் 326. பிறகு காம்ப்ளி பந்து வீசி 6 விக்கெட்டும் எடுத்தார்!

அந்த ஸ்கோர் அட்டையை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒரு தேர்வாளர் யாரைத் தேர்ந்தெடுப்பார்? சந்தேகமே இல்லாமல் காம்ப்ளியைத்தான். அவர் சோடை போனார் என்றும் சொல்ல முடியாது. 1993இல் அடுத்தடுத்த இரண்டு டெஸ்ட்களில் இரட்டைச் சதம் அடித்தார். டெஸ்ட் சராசரி 54.20. ஆனால் ஆடியது மொத்தம் 17 டெஸ்ட்கள்தான். 1995இல், 23 வயதிலேயே, அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது. சச்சின் 200 டெஸ்ட்கள் ஆடி, 100 சர்வதேசச் சதங்களோடு 2013இல் ஓய்வு பெற்றார்.

மூன்றாவது பையன் யார்? அந்த இருவரும் ஆடி முடிக்கும்வரை, காலில் பேடைக் கட்டிக்கொண்டு 'அடுத்தது நான்' என்று காத்திருந்த 13 வயது அமோல் மஜும்தார். அவருக்கு மட்டை பிடிக்கவே வாய்ப்பு வரவில்லை. பின்னாளில் முதல்தர கிரிக்கெட்டில் முதல் ஆட்டத்திலேயே 260 ரன் குவித்தார். மொத்தம் 11,000 ரன்களுக்கு மேல் எடுத்தார். 2006-07இல் தலைவராக இருந்து மும்பைக்கு ரஞ்சிக் கோப்பை வாங்கித் தந்தார். ஆனாலும் இந்திய அணிக்கு அவர் ஒரு நாளும் அழைக்கப்படவில்லை. காத்திருந்த அந்த மனிதர்தான் 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் இந்தியப் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றபோது அதன் தலைமைப் பயிற்சியாளர். முளை ஒன்றாகத் தெரிந்தது, விளைச்சல் வேறாக வந்தது. ஆனால் விளைச்சல் வந்தது!

இன்னொன்றையும் கவனியுங்கள். 1984இல் 11 வயதுச் சச்சினை அண்ணன் அஜித் சிவாஜி பார்க்குக்கு அழைத்துப்போய் ரமாகாந்த் அச்ரேக்கரிடம் காட்டினார். பையன் பயத்தில் சரியாக ஆடவில்லை. 'இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்' என்கிற நிலை. அஜித் விடவில்லை. 'நீங்கள் பக்கத்தில் நிற்பதால் பயப்படுகிறான், தள்ளி நின்று இன்னொரு முறை பாருங்கள்' என்று கேட்டுக்கொண்டார். பயிற்சியாளர் விலகிப் போய்த் தூரத்தில் நின்று பார்த்தார். பையன் சேர்த்துக்கொள்ளப்பட்டான். முதல் அளவோடு கணக்கை முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் சென்னையிலும் அப்படி ஒரு கதை உண்டு. 1987இல் அதே சச்சின் வேகப்பந்து வீச்சாளராகும் ஆசையோடு எம்.ஆர்.எஃப். பயிற்சி மையத்துக்குப் போனார். அங்கிருந்த ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி, 'நீ மட்டையைக் கவனி' என்று அனுப்பி வைத்தார். ஒருவனிடம் இல்லாததைச் சொல்வதும் பெரிய உதவிதான்.

ஆயிரத்து ஒன்பது ரன்

2016 ஜனவரியில் நம் சென்ட்ரல் லைனிலேயே, கல்யாணில், ஓர் அதிசயம் நடந்தது. பிரணவ் தனவாடே என்ற 15 வயது மாணவன் பள்ளிகளுக்கு இடையிலான பண்டாரி கோப்பை ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 1009 ரன் அடித்தான். 129 பவுண்டரி, 59 சிக்ஸர். 1899இல் இங்கிலாந்தின் கிளிஃப்டன் கல்லூரியில் 13 வயது காலின்ஸ் எடுத்த 628 ரன் சாதனை, 116 ஆண்டுகளுக்குப் பின் உடைந்தது. அப்பா ஆட்டோ ஓட்டுநர். ஒரே இரவில் உலகப் பத்திரிகைகளெல்லாம் கல்யாணுக்கு வந்து சேர்ந்தன. மும்பை கிரிக்கெட் சங்கம் மாதம் 10,000 ரூபாய் உதவித் தொகை அறிவித்தது.

பையன் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. இரண்டு நாள் மட்டை பிடித்து நிற்கவே தனி உடம்பும் மனமும் வேண்டும். ஆனால் எதிரணி எப்படிப்பட்டது? அது 31 ரன்னுக்கும் 52 ரன்னுக்கும் சுருண்டது. மைதானத்தின் ஒரு பக்க எல்லைக்கோடு மிக அருகில் இருந்தது. இதையெல்லாம் யோசிக்க யாருக்கும் பொறுமை இல்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து அந்தப் பிள்ளை 50 ரன் எடுத்தாலும் 'அவ்வளவுதானா?' என்ற கேள்வியோடுதான் திரும்ப வேண்டியிருந்தது. 2017இல், ஆட்டம் எதிர்பார்த்தபடி இல்லாததால் உதவித் தொகையை நிறுத்திக்கொள்ளலாம் என்று குடும்பமே எழுதிக் கொடுத்தது. அந்த நேர்மைக்குத் தலை வணங்க வேண்டும். குற்றம் பையனுடையதல்ல. ஒரே ஓர் அளவைப் பார்த்துவிட்டுப் பாரத்தை ஏற்றிய நம் எல்லோருடையதும்தான்.

செங்கல் பிடித்த கைகள்

இது நம் நாட்டு நோய் மட்டும் அல்ல. நம்மில் பலருக்கு அமெரிக்காவில் பிள்ளையோ பேரனோ இருப்பதால் அந்த ஊர் ஃபுட்பாலையும் கொஞ்சம் பார்ப்போம். அங்கே அது காலால் உதைக்கும் ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அதில் 'வைடு ரிசீவர்' என்று ஓர் இடம் உண்டு. மைதானத்தின் ஓரத்திலிருந்து புறப்பட்டு ஓடி, பின்னாலிருந்து எறியப்படும் பந்தை ஓட்டத்திலேயே தாவிப் பிடிக்க வேண்டும். எல்லைக்கோட்டில் ஓடிக் காட்ச் பிடிக்கும் நம் ஃபீல்டரை நினைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் தடுப்பதற்கு ஓர் எதிரி கூடவே ஓடுகிறான் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளியில் இந்த இடத்தில் ஆடும் பையன்களுக்கு அங்கே ஹோட்டலுக்குப் போடுவது போல நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிக்கிறார்கள். 40 கஜத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறான் என்று கடிகாரம் வைத்துப் பார்க்கிறார்கள்.

இந்த ஆட்டத்தின் தலைசிறந்த ரிசீவர் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் ஜெர்ரி ரைஸ், மிசிசிப்பி மாநிலக் கிராமம் ஒன்றில் கொத்தனார் ஒருவரின் மகன். கோடையில் அப்பாவுக்கு உதவியாகச் சாரத்தில் நின்று, கீழிருந்து அண்ணன் தம்பிகள் எறியும் செங்கல்லைப் பிடிப்பாராம். கையின் பயிற்சி அங்கேதான் தொடங்கியது. பள்ளியில் வகுப்புக்கு மட்டம் போட்டுத் திரிந்தபோது துணைத் தலைமையாசிரியரைக் கண்டதும் அவர் எடுத்த ஓட்டத்தைப் பார்த்து, அந்த ஆசிரியரே ஃபுட்பால் அணியில் சேர்த்துவிட்டார். பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வரவில்லை. மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில்தான் இடம் கிடைத்தது. கடிகாரத்தின்படி அவர் அதிவேகக்காரரும் அல்ல. 1984இல் பில் வால்ஷ் என்ற பயிற்சியாளர் ஹோட்டல் அறைத் தொலைக்காட்சியில் தற்செயலாக அவருடைய ஆட்டத்தைப் பார்த்தார். 1985இல் சான் பிரான்சிஸ்கோ அணி 16ஆவது ஆளாக அவரை எடுத்துக்கொண்டது. முதல் பருவத்தில் பல பந்துகளை நழுவவிட்டார். விடுமுறைக் காலத்திலும் குன்றின்மேல் ஓடி ஓடிப் பயிற்சி செய்தார். இருபது பருவங்கள் ஆடி, 1,549 முறை பந்தைப் பிடித்து, 22,895 கஜம் முன்னேறினார். கடிகாரம் காட்டிய வேகத்துக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை!

பார்க்கத் தெரிந்த கண்

மேலே சொன்ன ஒவ்வொரு கதையிலும் ஓர் அச்ரேக்கரோ ஒரு துணைத் தலைமையாசிரியரோ இருக்கிறார். நம் தமிழ்நாட்டுக் கதைக்கு வருவோம்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் நடராஜன் என்ற இளைஞர் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார். அப்பா தறியில் கூலி வேலை, அம்மாவுக்குச் சாலையோரக் கடை. அதே ஊர் ஜெயப்பிரகாஷ் அவருடைய பந்தைப் பார்த்து, 'இவனுக்கு இந்த ஊர் போதாது' என்று சென்னைக்கு அழைத்து வந்தார். 2015இல் ரஞ்சி ஆட்டத்தில் அறிமுகமானவுடனேயே பந்து வீசும் விதத்தில் குறை இருப்பதாகப் புகார் வந்தது. பலர் அங்கேயே முடிந்துபோவார்கள். அவரோ ஓராண்டு உட்கார்ந்து கையின் அசைவைத் திருத்திக்கொண்டார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்குப் போனார். 2020 டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் ஒரு நாள் ஆட்டம், டிசம்பர் 4இல் முதல் டி-20, 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். அப்போது அவருக்கு வயது 29. பதினாறு வயதில் பெயர் வரவில்லையே என்று கலங்கும் பெற்றோர் இந்தத் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ரயில்வேக்காரனாக நான் பெருமையோடு சொல்லும் கதை மகேந்திர சிங் தோனியுடையது. ராஞ்சியில் பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பராக இருந்த பையனை, விளையாட்டு ஆசிரியர் கேசவ் பானர்ஜி விக்கெட் கீப்பராக்கினார். பந்தைத் தாவிப் பிடிக்கும் கை எந்த ஆட்டத்திலும் அதே கைதானே! 2001 முதல் கரக்பூரில் நம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். 2002இல் கிரிக்கெட் வாரியம் சிறிய ஊர்களில் திறமை தேடுவதற்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. அதன் சார்பில் போன பிரகாஷ் போத்தார் 2003இல் ஜாம்ஷெட்பூரில் தோனியைப் பார்த்து எழுதி அனுப்பினார். திட்டத்தின் வயது வரம்பு 19, தோனிக்கு 21. விதியைத் தளர்த்தினார்கள். விதிப் புத்தகத்தை மட்டும் பார்த்திருந்தால் 2011 உலகக் கோப்பை ஆட்டத்தை முடித்து வைத்த அந்த சிக்ஸர் ஏது?

வளரும் உடம்பு

பதினான்கு வயதை ஒட்டிப் பையன்களின் உயரம் மிக வேகமாகக் கூடும். சிலருக்கு இது பன்னிரண்டிலேயே வந்துவிடும், சிலருக்குப் பதினாறிலும் வராது. முன்னால் வளர்ந்தவன் மைதானத்தில் சிங்கம் போலத் தெரிவான். மற்றவர்கள் வளர்ந்து எட்டிப் பிடித்தபின் அவனுக்கு என்ன மிச்சம் என்பதே கேள்வி. 1980களில் கனடாவில் பனி ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த தேதிகளை ஆராய்ந்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருந்தார்கள். ஜனவரி 1 வயதுக் கணக்கு நாள் என்பதால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். அந்த வித்தியாசத்தைத்தான் திறமை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் கிரிக்கெட்டில் இந்த நாள் செப்டம்பர் 1. ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் திருநெல்வேலிக் குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். பதின்மூன்று வயதில் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். அவன் ஓடி வந்தாலே எதிரணிப் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பார்கள். பதினைந்தில் மற்றவர்களும் வளர்ந்துவிட்டார்கள், விக்கெட் விழுவது நின்றது. பயிற்சி நிலையம் ஒன்று 'ஸ்பெஷல் கோச்சிங்' என்று கட்டணத்தை இரண்டு மடங்காக்கி, அடுத்த ஆண்டு அணியில் இடம் நிச்சயம் என்றது. "அண்ணாச்சி, நகையை வெச்சாவது கட்டிரலாமான்னு இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். "இடம் நிச்சயம்னு யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீங்கம்மா. பையன் வேகத்தை விட்டுட்டு லைன், லெங்த் கத்துக்கட்டும்" என்றேன். மெதுவாகக் கற்றுக்கொண்டான். மாநில அணிக்கெல்லாம் போகவில்லை. ஐ.டி.ஐ. முடித்து வேலையில் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் பந்து வீசுகிறான். அம்மாவின் நகை கழுத்தில் இருக்கிறது.

வேகப்பந்து வீசும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. வளரும் வயதில் அளவுக்கு மீறி வீசினால் கீழ் முதுகெலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழும். தண்டவாளத்திலும் இப்படித்தான். ஒரே வண்டியின் பாரத்தால் உடைவதில்லை. ஓய்வின்றித் திரும்பத் திரும்ப ஏறும் பாரத்தால் உள்ளே விரிசல் தொடங்கும், வெளியே தெரியாது. பையன் முதுகு வலி என்றால் 'சாக்குச் சொல்கிறான்' என்று தள்ளாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

சரி, பெற்றோர் என்ன செய்யலாம்? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ரன்னையும் விக்கெட்டையும் மட்டும் எழுதாதீர்கள். எப்படிப்பட்ட எதிரணி, எப்படிப்பட்ட ஆடுகளம் என்று எழுதுங்கள். முட்டை போட்டு வந்த மறுநாள் பயிற்சிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினான் என்று எழுதுங்கள். தனக்கு மட்டை வராத நேரத்தில் ஃபீல்டிங்கில் எப்படி ஓடுகிறான் என்று பாருங்கள். போன மாதம் செய்த தவறை இந்த மாதமும் செய்கிறானா, புதிய தவறு செய்கிறானா? புதிய தவறு என்றால் மகிழ்ச்சி அடையுங்கள், வளர்கிறான் என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரத்தைக் குறியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 'உனக்கு இன்னும் ஆடப் பிடிக்கிறதா?' என்று அவனையே கேளுங்கள். அந்தப் பதிலையும் எழுதுங்கள்.

படிப்பை விட்டுவிட வேண்டாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்பது உண்மைதான். ரயில்வே விளையாட்டு மேம்பாட்டு வாரியம் 1928இலேயே தொடங்கப்பட்டது. 2001-02இலும் 2004-05இலும் ரஞ்சிக் கோப்பையையே ரயில்வே அணி வென்றிருக்கிறது. எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் இந்த வழியில் தலைநிமிர்ந்திருக்கின்றன. ஆனால் அந்த வேலைக்கும் கல்வித் தகுதி உண்டு. பத்தாவது தேர்ச்சி இல்லாமல் கையில் கோப்பையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றால் கதவு திறக்காது. உள்ளூர்க் கோப்பைகள் போதாது, மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழ்களையே கேட்பார்கள். அவற்றை எல்.ஐ.சி. பாலிசி போலப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் ஓய்வு பெற்றவர்கள் பலர். காலையில் நடைப்பயிற்சிக்கு மைதானத்தைத்தான் சுற்றுகிறோம். நாலு சுற்று முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து நம் பிள்ளைகள் ஆடுவதைப் பார்ப்போமே! நாம் தேர்வாளர்கள் அல்ல, யாரையும் அணியில் சேர்க்க முடியாது. ஆனால் 'போன வாரத்துக்கு இந்த வாரம் உன் கால் நன்றாக நகர்கிறது, தம்பி' என்று சொல்ல முடியும். அதைச் சொல்வதற்குப் போன வாரமும் நாம் அங்கே இருந்திருக்க வேண்டும். முளையைப் பார்த்துக் கைதட்ட ஊரே வரும். வரப்பில் தினமும் நடக்க வீட்டுக்கு ஒருவர், பேட்டைக்கு ஒருவர் இருந்தால் போதும்.